கண்ணாடிக்கூட்டில் சர்க்கரை

அத்தியாயம் பதினொன்று

சென்ற வாரம் பல்செட்டாரை அலமாரிக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டோம். ஒரு கையில் திறந்த மூக்குக்கண்ணாடிக்கூடு, மறு கையில் அதற்குள்ளிருந்து எடுத்த வெள்ளிநிறப் பொட்டலம். மனிதர் ஒரு வாரமாக அப்படியே நிற்கிறார். கால் வலிக்காதா? வாருங்கள், முதலில் அவரை நகர்த்திவிடுவோம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. பல்செட்டார் என்பது அவர் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, வைத்த பெயர். வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல்வரிசை செய்து கொடுப்பது அவர் தொழில். ஊரில் உள்ளவர்கள் சர்க்கரையைத் தின்று பல்லைக் கெடுத்துக்கொள்வதால் அவர் பிழைப்பு ஓடுகிறது. அதே சர்க்கரை ஒன்பது வருடங்களுக்கு முன்னால் அவர் ரத்தத்திலும் குடியேறி, காலையும் மாலையும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ளும்படி செய்துவிட்டது.

மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். நாள் முழுக்க இருட்டறையில் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "முன்னாடியா, இப்பவா, எது தெளிவா இருக்கு?" என்று கேட்டுக்கேட்டு, வீட்டில் திரைச்சீலை மாற்றினாலும் அதே கேள்வியைத்தான் கேட்பாள். நாற்பத்தைந்து வயதில் திடீரென்று ஓட ஆரம்பித்தாள். போன மாரத்தானில் முப்பது கிலோமீட்டர் தாண்டியதும், பூட்டிக் கிடந்த மரச்சாமான் கடையின் படியில் உட்கார்ந்தவளை ஆம்புலன்ஸில்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

"இன்னொரு தடவை ரோட்டுல உட்கார்ந்தேன்னு வெச்சுக்கோ, ஷூ பரணுக்குப் போயிடும்" என்றார் பல்செட்டார்.

"சரி" என்றாள் அவள். சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

இன்று அதற்குப் பரீட்சை. தம்பியின் சைக்கிள் கடையிலிருந்து கால்வாய் ஓரமாகவே போய்த் திரும்பி வர முப்பது கிலோமீட்டர். நடுவில் உட்காரக்கூடாது. பல்செட்டார் முந்தின நாளே ஏணியை எடுத்துப் பரணுக்குக் கீழே சாத்தி வைத்துவிட்டார். அவ்வளவு நம்பிக்கை!

விடிவதற்கு முன்பே எழுந்தவர், வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டார். மனைவி தட்டில் வைத்துக் கொடுத்த ரொட்டியையும் முட்டையையும் முன்னறை மேஜைக்கு எடுத்துப் போய் ஒரு கடி கடித்தார். பழைய கண்ணாடி எங்கே என்று அலமாரியைக் குடைந்தபோதுதான் இந்தப் பொட்டலம் அகப்பட்டது. அந்தத் தட்டைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறந்துவிட்டார்.

அடுத்த கண்ணாடிக்கூட்டைத் திறந்தார். அதிலும் ஒரு பொட்டலம். அதற்கடுத்ததிலும். வரிசையாக இருந்த எல்லாக் கூடுகளையும் திறந்து பார்த்தார். ஒன்றிலாவது கண்ணாடி இருக்க வேண்டுமே!

பொட்டலம் விரல் நீளத்துக்கு இருந்தது. அமுக்கினால் உள்ளே ஏதோ கொழகொழவென்று நகர்ந்தது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? ஒன்றைக் கிழித்துக் கண்ணாடித் தகட்டில் பிதுக்கினார். மெழுகு தடவும் கத்தியால் தொட்டுப் பார்த்தார். வாயில் அச்செடுக்கும் பசை மாதிரி இறுகவில்லை. மெழுகு மாதிரி உறையவும் இல்லை. கத்தியைத் தூக்கினால் கூடவே நூலாக எழும்பி, மெதுவாக அறுந்து, மறுபடி தகட்டிலேயே படுத்துக்கொண்டது. ஆரஞ்சு வாசனை வேறு.

பொட்டலத்தைத் திருப்பி விளக்குக்குக் கீழே பிடித்துப் படித்தார். உள்ளே இருப்பதில் முக்கால்வாசி, பல பெயரில் எழுதப்பட்ட சர்க்கரை.

பல்செட்டாருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் டாக்டர் சொன்ன அன்று சாயங்காலமே வீட்டிலிருந்த சர்க்கரை டப்பாவைத் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டவள் அவள். "உங்களுக்கு இல்லாதது எனக்கு எதுக்கு?" என்று சொல்லித் தானும் சர்க்கரையில்லாத டீக்கு மாறியவள். அந்த ஒரு வார்த்தையை நினைத்து அவர் இத்தனை வருடம் மனசுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறார். இப்போது பார்த்தால், வீடு முழுக்க ஒளித்து வைத்துத் தின்றுகொண்டிருக்கிறாள்!

எல்லாக் கூடுகளையும் ஒரு தட்டத்தில் அடுக்கி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அவள் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இது என்ன?"

அவள் முகம் வெளிறியது. நாடா கையிலிருந்து நழுவியது.

"ஜெல்லுங்க. ஓடறப்ப சாப்பிடறது. தம்பி குடுத்தான்."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"என்னங்க இது, வேற யாரோடயோ பேசினதைக் கண்டுபிடிச்ச மாதிரி கேக்குறீங்க?"

"அதுவா இருந்தாக்கூட அந்த ஆளை நேர்ல கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசிடலாம். இதுகிட்ட என்னத்தைப் பேசறது? எத்தனை தின்னே, சொல்லு."

"ஒண்ணு கூட இல்ல."

"பொய் சொல்லாதே."

"நல்லா பாருங்க."

பார்த்தார். அவர் கிழித்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் ஒட்டு பிரியாமல் அப்படியே இருந்தன. தட்டத்தைக் கீழே வைத்தார். கோபம் போன இடத்தில் இப்போது வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. என்ன விஷயம் இது? வாங்கவும் செய்து, ஒளிக்கவும் செய்து, தின்னாமலும் இருக்கிறாள் என்றால்?

"ஓடறப்ப பையில வெச்சுட்டுத்தான் போவேன்" என்றாள் அவள், நாடாவைப் பார்த்தபடி. "கையில எடுப்பேன். அப்போ நீங்க டீ குடிக்கறப்ப மூஞ்சியைச் சுளிக்கறது ஞாபகம் வரும். திரும்பப் பையில போட்டுடுவேன். தம்பி ஆசையா குடுத்ததைத் தூக்கிப் போடவும் மனசு வரல. வெளியில வெச்சா உங்களுக்கு ஆசை வந்துடும்."

"அந்த மரச்சாமான் கடைப் படியில உட்கார்ந்தப்ப?"

"ரெண்டு இருந்தது பையில."

ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு வந்தவளின் இடுப்புப் பையில் இரண்டு இருந்திருக்கிறது! சண்டை போடலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இரண்டும் செய்யாமல் செருப்பை மாட்டினார்.

"கிளம்பு. உன் தம்பியை முதல்ல பாக்கணும்."

மேஜைமேல் கடித்த ரொட்டியும் கடிக்காத முட்டையும், பல்வரிசைக்காக வார்த்து வைத்த பிளாஸ்டர் தாடைகளுக்கு நடுவே ஆறிக்கொண்டிருந்தன.

*

மச்சினனுடைய கடையில் அப்போதுதான் கதவைத் தூக்கியிருந்தார்கள். கூரையிலிருந்து சக்கரங்கள் தொங்கின. தரையில் ஒரு செயின் எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் மச்சினன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டான்.

"ஒண்ணு கூடவா? அக்கா! போன பந்தயத்துல முக்கா மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினேனே!"

"மறந்துட்டேன்டா."

"அவ மறக்கல" என்றார் பல்செட்டார். "சரி, இது என்ன பண்ணும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

மச்சினனுக்கு இப்படி ஒரு கேள்வி வந்தால் போதும். வாடிக்கையாளரைக்கூட நிற்க வைத்துவிட்டுப் பேசுவான்.

"மாமா, நாம சாப்பிடறதுல கொஞ்சத்தை உடம்பு சதையிலயும் கல்லீரல்லயும் சேத்து வெச்சுக்கும். நிக்காம ஓடினா ரெண்டு மணி நேரம், கொஞ்சம் கூடக்குறைய, அவ்வளவுதான் தாங்கும். அப்புறம் தீந்து போயிடும். கொழுப்பு இருக்குதான். ஆனா அது மெதுவாத்தான் எரியும். அப்போ கால் கனக்கும், தலை சுத்தும், யாரைப் பாத்தாலும் எரிச்சல் வரும்."

"வேர்த்துக் கொட்டுமா? கை நடுங்குமா?"

"சில பேருக்கு வரும். எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"எனக்குச் சர்க்கரை இறங்கினா அப்படித்தானே இருக்கும்!" பல்செட்டாருக்கு ஆச்சரியம். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ஒருத்தருக்கு ஏறினால் ஆபத்து, ஒருத்திக்குத் தீர்ந்தால் ஆபத்து என்று இரண்டு தனித்தனி வியாதியாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் இரண்டு பேரும் போய் விழுகிற குழி ஒன்றாக இருக்கிறதே!

"அதுக்கு ரொட்டி கொண்டுபோய்த் தின்ன வேண்டியதுதானே? இப்படிப் பசை மாதிரி எதுக்கு?"

"ஓடிக்கிட்டே ரொட்டியை மென்னு பாருங்க மாமா, தெரியும். இது மெல்லவே வேண்டாம். பிதுக்கினா நேரா உள்ள போயிடும்."

"பல்லுக்கு வேலையே இல்லாத சாப்பாடா?" என்றார் பல்செட்டார். தொழிலைத் தொட்டுப் பேசினால் அவருக்குப் பிடிக்காது. "அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

"கூடவே தண்ணி குடிக்கணும். வெறும் தண்ணி. இனிப்புத் தண்ணியோட சேத்தா வயிறு பிசையும். திடீர்னு பந்தய நாள்ல ஆரம்பிக்கவும் கூடாது. வயித்துக்கும் பழக்கணும்ல? இன்னொரு வேடிக்கை சொல்றேன் கேளுங்க. சர்க்கரைத் தண்ணியை வாயில வெச்சுக் கொப்பளிச்சுத் துப்பினாலே கொஞ்சம் தெம்பு வருதாம். உள்ளயே போகல! நாக்குல பட்டதும் மூளை நம்பிடுதாம், சாப்பாடு வருதுன்னு."

"துப்பினாக்கூடவா?"

"சோதிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றாங்க."

பல்செட்டார் தாடையைத் தடவிக்கொண்டார். இருபது வருடங்களாக வாயோடுதான் அவருக்குப் பழக்கம். அந்த வாய் இப்படி மூளையை ஏமாற்றும் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

பிறகு மனைவியிடம் திரும்பினார்.

"நான் சைக்கிள்ல கூட வரேன். ஜெல் என்கிட்ட இருக்கட்டும். நான் என் கையால குடுத்தா சாப்பிடுவியா?"

அவள் தொங்கிய சக்கரம் ஒன்றை விரலால் சுழற்றினாள்.

"நான் சாப்பிடாததை நீயும் சாப்பிடக்கூடாதுன்னு நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

"நீங்க சொல்லல. எனக்குத்தான் தொண்டையில இறங்கல."

"இன்னிக்கு இறங்கும்" என்றார். உடனே மச்சினனைப் பார்த்து, "ஒரு சைக்கிளைக் குடுடா" என்று அதட்டினார்.

மச்சினன் சைக்கிளோடு ஒரு சட்டையையும் கொடுத்தான். உடம்போடு ஒட்டுகிற, முதுகுப் பக்கம் மூன்று பை வைத்த சட்டை. அதைப் போட்டுக்கொண்டதும் பல்செட்டாருடைய தொப்பை உலகத்துக்கே அறிமுகமாகிவிட்டது. அக்காவும் தம்பியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு எதிரெதிர்ச் சுவரைப் பார்த்தார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த ஜெல் பொட்டலங்கள் நாலையும் முதுகுப் பையில் போட்டுக்கொண்டார். கழற்றிய தன் சட்டையை ஆணியில் மாட்டினார். அந்தச் சட்டைப் பையில்தான், ஆபத்துக்கென்று மனைவி எப்போதும் வைத்துவிடும் குளுக்கோஸ் மாத்திரை டப்பா இருந்தது.

*

கால்வாய்ச் சாலை நேராகப் போனது. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் கிடங்குகள். காவலாளிகள் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஓடுவது சத்தமே இல்லாமல் இருந்தது. சைக்கிள்தான் கீச் கீச்சென்று கத்திக்கொண்டு வந்தது.

முதல் பொட்டலத்தை அவரே கிழித்து நீட்டினார். அவள் வாங்கி, அவர் முகத்தைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு வாயில் பிதுக்கினாள். தண்ணீர் குடித்தாள்.

"எப்படி இருக்கு?"

"ஆரஞ்சு மிட்டாயை வெயில்ல வெச்ச மாதிரி."

"அப்புறம்?"

"பல்லுல ஒட்டுது."

"ஒட்டட்டும், எனக்கு வியாபாரம்" என்றார். அவள் சிரித்ததில் புரையேறியது.

கொஞ்ச தூரம் போனதும் அவள் குரலிலேயே பேசிக் காட்டிக் கேட்டார். "முன்னாடியா, இப்பவா, எது தெளிவா இருக்கு?"

"இப்ப ஒண்ணும் தெரியல. பொறுங்க."

இரண்டாவது பொட்டலத்துக்குப் பிறகு மறுபடி கேட்டார். மூன்றாவதுக்குப் பிறகும் கேட்டார். எரிச்சல் வருகிறதா, கால் கனக்கிறதா, வயிறு என்ன சொல்கிறது என்று விடாமல் விசாரித்தார். மனிதருக்கு உற்சாகம் தலைக்கேறியிருந்தது. திரும்பி வருகிற வழியில், வழக்கமாக அவள் வேகம் செத்துப்போகிற பழைய பாலத்தில், கொஞ்சம்கூடத் தளராமல் ஏறி இறங்கினாள்.

"இப்பதாங்க!" என்று கத்தினாள். "இப்பதான் தெளிவா இருக்கு!"

பல்செட்டாருக்குக் கண் கலங்கிவிட்டது. போன பந்தயத்தில் இதே பெண் இரண்டு பொட்டலத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு படியில் சரிந்து கிடந்தாள். தன்னுடைய சுளித்த மூஞ்சிதான் அதற்குக் காரணமென்று நினைக்க அவமானமாக இருந்தது. இனிமேல் டீயைச் சிரித்துக்கொண்டே குடிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்.

பாலம் தாண்டியதும் அவருக்கு அவள்மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது.

"எதுக்கு இப்படிக் குதிச்சுக் குதிச்சு ஓடறே?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நேரா ஓடத் தெரியாதா உனக்கு? யாரு கேட்டா உன்னை ஓடச் சொல்லி?"

சைக்கிள் நடுச்சாலைக்குப் போய் மறுபடி ஓரத்துக்கு வந்தது. கிடங்குக் கதவுகளின் வரிசை அவருக்குப் பல் வரிசையாகத் தெரிந்தது. கீழ்த்தாடையில் ஒரு பல் கோணல். அதை ராவ வேண்டும். கத்தி எங்கே? புதுச் சட்டை முதுகில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க." அவள் ஓட்டத்தை நிறுத்திவிட்டாள். "இறங்குங்க. சைக்கிளை விடுங்க."

"ஓடு. நிக்காதே. நின்னா பரண்."

"நான் யாரு?"

"கோணல் பல்லு" என்றார் பல்செட்டார், ரொம்பவும் தீவிரமாக.

அவள் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தி, அவரை இறக்கிச் சாலையோரத் திட்டில் உட்கார வைத்தாள். நெற்றியைத் தொட்டாள், பச்சைத் தண்ணீராக இருந்தது. அவர் மார்புப் பக்கம் கை வைத்துத் தேடினாள். முன்பக்கம் பையே இல்லாத சட்டை!

"காலையில சாப்பிட்டீங்களா? ஊசி போட்டுட்டுச் சாப்பிட்டீங்களா இல்லையா?"

"தாடை தின்னுட்டிருக்கு" என்றார்.

அவர் முதுகுப் பையில் கையை விட்டாள். கடைசிப் பொட்டலம். மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். ஒன்பது வருடங்களாக அவர் பக்கம் ஒரு துளி இனிப்பு போகாமல் காவல் காத்த கை, இப்போது அவர் வாயருகே அதைக் கொண்டுபோனது.

"வாயைத் திறங்க."

"அது உன்னுது. இன்னும் அஞ்சு கிலோமீட்டர் இருக்கு."

"வாயைத் திறங்கன்னேன்!"

ஊரெல்லாம் உள்ளவர்களுடைய வாய்க்குப் பல் செய்து கொடுத்த பல்செட்டார், சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்தார். அவள் முழுப் பொட்டலத்தையும் பிதுக்கினாள். தண்ணீரை ஊற்றினாள். முழுங்குகிற வரைக்கும் தாடையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவர் சரியாமல் இருக்க, தானும் பக்கத்தில் உட்கார்ந்து தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். மற்றொரு கையால் தம்பிக்குப் போன் செய்தாள்.

முதலில் நாக்கில் ஆரஞ்சு தெரிந்தது. பிறகு அது இனிப்பு என்று தெரிந்தது. அவசரத்துக்குத் தின்கிற குளுக்கோஸ் மாத்திரை எப்போதும் அவருக்கு மேஜைமேல் கிடக்கும் பிளாஸ்டர் தூள் போலத்தான் இருக்கும். இது வேறு. கொழகொழவென்று கன்னத்தின் உட்பக்கமெல்லாம் போய், அவர் மறந்தே போயிருந்த இடங்களைத் தட்டி எழுப்பியது.

கிடங்குக் கதவுகள் ஒவ்வொன்றாகக் கதவுகளாக மாறின. பக்கத்தில் இருப்பது யாருடைய தோள் என்று தெரிந்தது.

"முன்னாடியா, இப்பவா?" என்று கேட்டாள் அவள். குரல் உடைந்திருந்தது. "சொல்லுங்க. எது தெளிவா இருக்கு?"

"இப்போ" என்றார். "நீ அழறது தெளிவா தெரியுது."

அவள் அவர் தோளில் ஒரு அடி வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

மச்சினன் ஸ்கூட்டரில் பறந்து வந்தான். ஆணியில் தொங்கிய சட்டையையும் ஒரு பொட்டலம் ரொட்டியையும் கொண்டு வந்திருந்தான். சொல்லாமலே இரண்டையும் கொண்டு வந்தான் பாருங்கள், கெட்டிக்காரன். சர்க்கரை பார்க்கும் கருவியை மட்டும் கொண்டுவரவில்லை. அது வீட்டில் இருந்தது. பல்செட்டார் கையை நீட்டிக் காட்டினார். நடுக்கம் நின்றிருந்தது. ரொட்டியைக் கடித்து மெதுவாக மென்றார்.

அப்போதுதான் மச்சினன் அதைக் கவனித்தான்.

"அக்கா, நீ உக்காந்துட்டே!"

மூவரும் அவள் உட்கார்ந்திருந்த திட்டைப் பார்த்தார்கள். பேச்சென்றால் பேச்சுதான். ரோட்டில் உட்கார்ந்தால் ஷூ பரணுக்கு. அடுத்தவருக்காக உட்கார்ந்தால் பரவாயில்லை என்று யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. அவள் குனிந்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"கட்டு" என்றார் பல்செட்டார், வாய் நிறைய ரொட்டியோடு.

"சொன்னது சொன்னதுதாங்க."

"எனக்குத் தலை சுத்திட்டிருந்தது. நான் எதையும் பாக்கல. டேய், நீ பாத்தியா?"

"நான் இப்பத்தான் வந்தேன் மாமா."

"பாத்தியா? சாட்சியே கிடையாது. கட்டு நாடாவை."

அவள் கட்டிக்கொண்டு எழுந்தாள். கால்கள் இறுகிப்போயிருந்தன. முகத்தில் பழைய களைப்பு எட்டிப் பார்த்தது.

"ஜெல் தீந்து போச்சுங்க."

பல்செட்டார் திட்டில் கிடந்த காலிப் பொட்டலத்தை எடுத்தார். வீட்டில் எந்த டப்பாவையும் சும்மா தூக்கிப் போடுகிற ஆளில்லை அவர். ஷாம்பூ தீர்ந்தால் தண்ணீர் ஊற்றி அலசுவார். பாத்திரம் கழுவும் திரவத்தை மூன்று முறை அலசுவார். இந்தக் கஞ்சத்தனத்துக்காக அவள் எத்தனை நாள் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள்! இப்போது பொட்டலத்துக்குள் தண்ணீரை விட்டார். மூலையை விரலால் அடைத்துக் குலுக்கினார். அவளுடைய பாட்டிலில் ஊற்றினார். மறுபடி தண்ணீர் விட்டு, மறுபடி குலுக்கி, சொட்டுக்கூட மிச்சமில்லாமல் ஊற்றினார்.

"இதுல என்னங்க இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. வாயில வெச்சுக்கோ. உன் தம்பி சொன்னானே, மூளை நம்பிடுமாம்."

அவள் ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள். கன்னம் உப்பியது. அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள், வாயைத் திறக்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடினாள்.

*

சைக்கிளை விளக்குக் கம்பத்தில் பூட்டிவிட்டு, இருவரும் ஸ்கூட்டரில் கடைக்கு வந்து சேர்ந்தார்கள். பல்செட்டார் வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ரொட்டி தீர்ந்தது. இன்னொன்று வாங்கி வந்து கொடுத்தான் மச்சினன். அதையும் மென்றபடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெறும் கழுவின தண்ணிய நம்பி விட்டுட்டோமே மாமா."

"வருவா."

"வழியில உக்காந்துட்டா?"

"சும்மா இருடா."

சொல்லிவிட்டாரே தவிர, மெல்லுவதை நிறுத்திவிட்டு ஸ்டூலின் நுனிக்கு வந்துவிட்டார். கால்வாய்ச் சாலையில் ஒரு லாரி வந்தது. இரண்டு சைக்கிள்கள் வந்தன. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் வந்தாள். வேகமாக இல்லை. தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆனால் இரண்டு கால்களும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தன. கன்னம் உப்பியிருந்தது. பல்செட்டார் எழுந்து கையைத் தட்டினார். மச்சினன் வெறும் சைக்கிள் மணியை எடுத்து விடாமல் அடித்தான்.

"முப்பது! அக்கா, முப்பது ஆயிடுச்சு! நில்லு!"

அவள் நிற்கவில்லை. கடை வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பல்செட்டாரைப் பார்த்தாள். வாய் திறக்க வழியில்லாததால் கண்ணாலேயே சிரித்தாள். கையை ஒரு தடவை ஆட்டினாள். முனைக்குப் போய் இடது பக்கம் திரும்பி மறைந்துவிட்டாள்.

"எங்க போறா?" என்றான் மச்சினன். மணி அவன் கையில் இன்னும் முனகிக்கொண்டிருந்தது. "அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

பல்செட்டாருக்குத் தெரியும். அந்தப் பக்கம் ஒரு மேடு இருக்கிறது. மேட்டுக்கு மேலே, பூட்டிக் கிடக்கிற ஒரு மரச்சாமான் கடை. அதற்கு ஒரு படி.

"அவ உக்காந்த இடம்" என்றார்.

"ஐயையோ! இப்பவே தீந்து போயிருப்பா மாமா. அந்த மேடு ஏறணும்னா..."

"தாண்டிடுவாளா?"

மச்சினன் உதட்டைப் பிதுக்கினான். இவ்வளவு படித்துச் சொல்கிறவனுக்கும் அது தெரியவில்லை.

பல்செட்டார் கடைக்குள் போனார். கண்ணாடி அலமாரியைத் திறந்து, விற்பனைக்கு வைத்திருந்த ஒரு ஜெல் பொட்டலத்தை எடுத்தார். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இன்னொன்றும் எடுத்து, மறுபடி மாட்டிக்கொண்ட தன் பழைய சட்டைப் பையில், மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பிறகு வந்து ஸ்கூட்டரின் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"வேகமா போகாதே" என்றார். "கொஞ்சம் பின்னாடியே போ. நாம வர்றது அவளுக்குத் தெரியக்கூடாது."